அப்பாவின் றலிச் சைக்கிள் போல ஒன்று வேண்டும் என்று போய் நான் பட்டவை

2019 மாசியில், கையால் செய்து தரும் சைக்கிள் ஒன்றுக்கு முற்பணம் கட்டினேன். அந்தச் சைக்கிளில் ஏறி, மனதில் பயமில்லாமல் வேலைக்குப் போய்வரத் தொடங்கியது 2021 புரட்டாதியில். இரண்டரை வருடத்துக்கு மேல் போனது. நான் ஒதுக்கி வைத்திருந்த காசைவிட 800 பவுண் கூடுதலாகப் போனது. நித்திரை போன இரவுகளுக்குக் கணக்கில்லை. இந்தக் காலம் முழுவதும் என்னிடம் யாரும் "இப்படிச் செய், இதைக் கேட்டு எழுதி வாங்கு" என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த தமிழ் ஆட்களில் ஒருவரும் இங்கிலாந்தில் கையால் செய்த சைக்கிள் வாங்கியதில்லை, கார் வாங்கத்தான் எல்லோரிடமும் ஆலோசனை இருந்தது. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன். காலம் முழுக்க நிற்கும் சைக்கிள் ஒன்று வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருவர், காசைக் கையில் எடுக்க முதல் இதை வாசித்தால் எனக்குப் போதும்.

நான் இருப்பது கொவென்ட்ரியில். இன்றைய சைக்கிளின் உருவம், அதாவது ஒரே அளவுக்குக் கிட்டிய இரண்டு சில்லும் பின்சில்லுக்குச் சங்கிலியும் வைத்த வண்டி, 1885 இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' ஆக வெளிவந்தது இதே ஊரில்தான். வேலை ஒரு மருத்துவமனையின் களஞ்சியத்தில், பெரும்பாலும் இரவு. வீட்டிலிருந்து ஐந்து மைல். ஏழு வருடத்தில் மூன்று மலிவுச் சைக்கிள் வாங்கினேன். மூன்றும் ஒரே மாதிரித்தான் போயின. இங்கே குளிர்காலத்தில் தெரு உறையாமலிருக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் சங்கிலியையும் கியர் கம்பிகளையும் பேரிங்கையும் தின்றுவிடும். மூன்றாவது வருடம் கடைக்குக் கொண்டுபோனால், திருத்துகிற காசுக்குப் புதிதே வாங்கலாம் என்பார்கள். மூன்றாவது தடவையும் அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. நான் வளர்ந்த வீட்டில் சைக்கிளை எறிந்ததை நான் கண்டதே இல்லை.

அப்பாவிடம் ஒரு றலி இருந்தது. அவர் அதை அறுபதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் பாவித்ததாக வாங்கினார். கறுப்பு நிறம், கம்பி பிரேக், பற்சக்கரத்தில் மூன்று கொக்குத் தலை. எங்களைப் பள்ளிக்கு ஏற்றியது, நெல் மூட்டை ஏற்றியது, அம்மாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதும் அதுதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோலும் மின்சாரமும் இல்லாமல் போனபோது, அதைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். யாழ்ப்பாணத்தில் அப்போது அநேகமான வீடுகளில் அப்படித்தான். 1995 ஐப்பசி 30 இரவு ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கரியரில் அரிசி, பாரில் உடுப்பு மூட்டை, ஹாண்டிலில் பானைகள் என்று அப்பா அதைத் தள்ளிக்கொண்டே வந்தார். சனத்துக்குள் சில்லு உருள இடமில்லாமல் சில இடங்களில் தூக்கினார். அந்தச் சைக்கிள் இன்றும் ஊரில் தங்கச்சி வீட்டில் இருக்கிறது. அவளின் மகன் ஓடுகிறான்.

ஆகவே எனக்கு வேண்டியது ஒரு நல்ல சைக்கிள் என்பதைவிட, அப்பாவின் சைக்கிள் போல ஒன்று. இந்த இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் விட்ட பிழைகள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கின.

முதலில் நொட்டிங்ஹாம் போனேன், றலி பிறந்த ஊர். 1887 இல் தொடங்கிய கம்பனி, 2002 இல் அங்கே சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகக் கட்டடங்கள். ஒரு குளக்கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். பிறகு பழைய பாணியில் புதிதாகச் செய்யும் சைக்கிள்களைப் பார்த்தேன். பாஷ்லி என்ற கம்பனி 1926 இலிருந்து செய்கிறது, பட்டறை இப்போது ஸ்ட்ராட்பர்ட்டில், எங்களுக்குக் கிட்டத்தான். வடிவான சைக்கிள்கள். ஆனால் என் உயரம் 5 அடி 4 அங்குலம். நான் ஏறிப்பார்த்த பார் வைத்த சைக்கிள் எனக்கு உயரமாக இருந்தது. பெண்களுக்கான சைக்கிளை எடுக்கச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் தனியாளாகப் பட்டறை வைத்து, ஆளின் உடம்புக்கு அளவெடுத்து ஃபிரேம் செய்து தருகிற ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பெயர் வேண்டாம். கைவேலை தெரிந்த மனிதர்தான், கெட்டவர் என்று இன்றும் சொல்லமாட்டேன்.

அவருடைய பட்டறையில் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அப்பாவின் சைக்கிள் படத்தைக் காட்டினேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. குழாய்கள் சேரும் மூலையில் போடும் உருக்கு உறைகளை, லக் என்பார்கள், கையில் தந்து காட்டினார். அந்த உறைக்குள் குழாயைச் செருகி, சூடாக்கி, பித்தளையை உருக்கி இடைவெளிக்குள் ஓடவிடுவதுதான் பழைய முறை. பித்தளை உருக 900 பாகை செல்சியஸ் அளவு வேண்டும், வெள்ளி கலந்த ஒட்டு அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும். இந்த முறையில் ஒரு நன்மை பெரியது. குழாய் ஒன்று வளைந்தாலோ வெடித்தாலோ, திரும்பச் சூடாக்கி அந்தக் குழாயை மட்டும் கழற்றி மாற்றலாம். காலம் முழுக்க நிற்பது என்பதன் பொருள் இதுதான்: உடையாதது அல்ல, உடைந்தால் திருத்தக்கூடியது. குழாய் பேர்மிங்ஹாமின் ரெய்னோல்ட்ஸ் கம்பனியுடையது. ஃபிரேமும், முன்சில்லைப் பிடிக்கும் ஃபோர்க்கும் பெயின்றோடு 1,450 பவுண், முற்பணம் 500, எட்டு மாதத்தில் தருவேன் என்றார். அன்றிரவே வங்கியிலிருந்து அவர் கணக்குக்கு நேராக அனுப்பினேன்.

இந்த இடத்தில் நிற்கிறேன், ஏனென்றால் பிழை ஒன்றல்ல, மூன்று. முதலாவது, காசு கட்டிய விதம். பிரித்தானியாவில் 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில் 75 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளுக்கு, ஒரு பகுதியையாவது கடன் அட்டையில் கட்டியிருந்தால், விற்றவர் சொன்னபடி செய்யாதபோது அட்டை தந்த வங்கியும் முழுத்தொகைக்கும் பொறுப்பு. முற்பணத்தில் 50 பவுணை மட்டும் அட்டையில் கட்டியிருந்தாலே எனக்கு ஒரு பிடி இருந்திருக்கும். வங்கிக் கணக்குக்கு அனுப்பிய காசுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவரிடம் அட்டை வாங்கும் வசதி இல்லையென்றால், அட்டை வாங்கும் வேறு பட்டறையைத் தேடுங்கள். இரண்டாவது, அவருடைய தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. இங்கே கம்பனிகளின் பதிவேடு, கம்பனீஸ் ஹவுஸ், இணையத்தில் இலவசம். வருடக் கணக்கு நேரத்துக்குக் கொடுத்திருக்கிறார்களா, மூடப்போவதாக அறிவித்தல் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். நான் பிறகு பார்த்தபோது, முற்பணம் கட்டிய அன்றே அவர் கணக்குக் கொடுக்க ஏழு மாதம் பிந்தியிருந்தார். மூன்றாவது, எல்லாம் வாய்ப்பேச்சு. கை குலுக்கிவிட்டு வந்தேன்.

வாய்ப்பேச்சு என்ன செய்தது என்று சொல்கிறேன். அளவுகளை வீட்டில் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். நான் களிசானோடு, சப்பாத்தோடு நின்று உள்கால் அளவு எடுத்தேன். வெறுங்காலோடு, முதுகைச் சுவரில் சாய்த்து, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையில் மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து நிலம்வரை அளக்கவேண்டும். இன்னொருவர் அளந்தால்தான் சரிவரும். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். நான் அனுப்பியது 2 சென்ரிமீற்றர் கூட. அதைவிடப் பெரிய பிழை ரயர் அகலம். "மட்காட் போட்டு, அகலமான ரயர் போட்டு ஓடுவேன்" என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அகலம் என்றால் எனக்கு 38 மில்லிமீற்றர். அவர் வழமையாகச் செய்வது வேகச் சைக்கிள்கள், அவருக்கு அகலம் என்றால் 28. ஒரு எண்ணை எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஃபிரேம் செய்கிறவரிடம் கட்டாயம் ஒரு வரைபடம் கேளுங்கள். ஒவ்வொரு குழாயின் நீளம், கோணம், சில்லின் அளவு, ரயரின் அகலம் மட்காட்டோடு, முன்சில்லுக்கும் பெடலில் வைத்த சப்பாத்து நுனிக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். இருவரும் கையெழுத்து வைத்த பிறகுதான் முற்பணம். வரைபடம் இல்லை, மனதில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

எட்டு மாதம் போனது. 2019 ஐப்பசியில் கேட்டபோது குழாய் வரவில்லை என்றார், மார்கழியில் தோள்மூட்டில் நோ என்றார். 2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. அதற்குப் பிறகு யாரைக் குறை சொல்வது? மருத்துவமனையில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பேருந்தில் போகப் பயமாக இருந்ததால் 240 பவுணுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கி ஓடினேன். ஊரடங்கில் எல்லோரும் சைக்கிள் தேடியதால் அந்தப் பழசுக்குக்கூட அந்த விலை. மனைவி ஒருநாள், "காசு போனால் போகட்டும், நீங்கள் கதைக்கிற கதையெல்லாம் அந்தச் சைக்கிளைப் பற்றித்தான்" என்றாள். அது உண்மை. வாசலில் தபால் வாகனம் நின்றால் எட்டிப்பார்ப்பேன்.

2020 கார்த்திகை 24 அன்று ஃபிரேம் வந்தது. மிச்சம் 950 பவுணையும் அதற்கு முதல் வாரம் அனுப்பிவிட்டேன், பார்க்காமலே. பெட்டியைத் திறந்தபோது நான் அழுதேன். அவ்வளவு வடிவு. கறுப்புப் பெயின்ற், லக்கின் விளிம்பெல்லாம் கையால் இழுத்த பொன்னிறக் கோடு. அதை முன்னறையில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, நல்ல நாளில் தெருவில் இறக்கலாம் என்று தைப்பொங்கலுக்கு வைத்திருந்தேன். குளிர்காலத்தில் உப்புத் தெருவில் இறக்கவும் மனமில்லை. அந்த ஏழு வாரத்தில் மற்றச் சாமான்களை வாங்கிச் சேர்த்தேன், 850 பவுண். ஸ்ரர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப் (சில்லின் நடுக்கூடு), உள்ளே டிரம் பிரேக்கோடு. புரூக்ஸ் தோல் சீற்.

நான் செய்ததில் அதிகம் இழப்பைத் தந்த தவறு அந்த ஏழு வாரம். 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுக்காசையும் கேட்க 30 நாள் இருக்கிறது. உங்களுக்கென்று அளவெடுத்துச் செய்த பொருளை மனம் மாறி 14 நாளுக்குள் திருப்பும் உரிமை கிடையாது, ஆனால் குறை இருந்தால் இந்த 30 நாள் உரிமை உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை பொதுவாக விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு நாங்கள்தான் நிரூபிக்கவேண்டும். பொங்கலன்று சைக்கிளில் ஏறியபோது 51 ஆவது நாள். ஆகவே பொருள் வந்த அன்றே பெட்டியைத் திறந்து, படம் எடுத்து, இரவல் சில்லு போட்டாவது அந்த வாரமே ஓடிப்பாருங்கள். பூசை முதல் நாளே செய்யலாம்.

ஏறியவுடன் தெரிந்தது. மெதுவாகத் திரும்பும்போது என் சப்பாத்து நுனி முன் மட்காட்டில் இடித்தது. சின்ன ஃபிரேமில் பெரிய சில்லு போட்டால் இது வரும். 38 ரயர் பின்பக்கம் போகவே இல்லை, 32 மட்காட் இல்லாமல் மட்டும் போனது. கைகள் நீண்டு, பத்து நிமிடத்தில் கழுத்து வலித்தது. அன்று பின்னேரம் முன்னறையில் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், பொங்கல் சாப்பிடவில்லை. அவருக்கு எழுதினேன். நீங்கள் தந்த அளவுக்குத்தான் செய்தேன் என்று பதில் வந்தது. அளவைப் பொறுத்தவரை அவர் சொன்னது பாதி சரி. அதனால்தான் அதிகம் வாதாட முடியவில்லை. 28 ரயரைப் போட்டு, சின்ன மட்காட்டோடு, கழுத்து வலியோடு ஓடினேன்.

ஆனி மாதம் பின்சில்லு அச்சுக்குக் கிட்டப் பெயின்ற் கொப்பளித்தது. விரலால் அழுத்தினால் உடைந்து உள்ளே மஞ்சள் தூள். ஆறு மாதம் முடிந்து மூன்று கிழமை. அவருக்கு எழுதிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. பட்டறைக்குப் போனேன், வேறு யாரோ தளபாடம் வைத்திருந்தார்கள். கம்பனி கலைக்கப்பட்டுவிட்டது. 10,000 பவுண் வரையான கோரிக்கைகளுக்குச் சட்டத்தரணி இல்லாமல் நாங்களே போகக்கூடிய சிறு கோரிக்கை நீதிமன்ற வழி இங்கே உண்டு, ஆனால் கலைக்கப்பட்ட கம்பனிக்கு எதிராக வழக்கு வைக்க ஆள் இல்லை. கடன் அட்டையில் கட்டியிருந்தால் அப்போதும் வங்கியிடம் போயிருக்கலாம். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்துத்தான் சொன்னேன். வெட்கம்தான் காரணம். இந்த வெட்கத்தால்தான் பலர் இப்படிப்பட்டதை வெளியே சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

என்னுடன் வேலை செய்யும் ஒரு தாதியின் மாமனார் லெஸ்டரில் பழைய ஃபிரேம்கள் திருத்துகிறவர், எழுபது வயதுக்கு மேல். கொண்டுபோய்க் காட்டினேன். பெயின்ற் முழுவதையும் உரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பித்தளை ஓடுவதற்காகக் குழாயில் முதலில் ஃபிளக்ஸ் என்ற ஒரு பசை பூசுவார்கள். ஒட்டி முடிந்ததும் அது கண்ணாடி போல இறுகி நிற்கும். சுடுதண்ணீரில் ஊறவைத்து அதை முழுவதும் எடுக்கவேண்டும். எடுக்காமல் மேலே பெயின்ற் அடித்தால், அது ஈரத்தை இழுத்து, உள்ளிருந்து துருவைக் கொண்டுவரும். என்னுடையதில் மூன்று மூலையில் அந்தக் கண்ணாடி அப்படியே இருந்தது. இன்னொன்றும் காட்டினார். கீழ்க்குழாய் லக்கின் ஒரு பக்கத்தில் பித்தளை ஓடவே இல்லை, ஒரு முடி நுழையும் இடைவெளி. நல்ல வேலையில் லக்கின் விளிம்பைச் சுற்றி மெல்லிய பித்தளைக் கோடு விடாமல் ஓடியிருக்கும், பெடல் அச்சு போகும் கூட்டுக்குள்ளே பார்த்தால் குழாயைச் சுற்றிப் பித்தளை வளையம் தெரியும். பெயின்ற் அடித்த பிறகு இதில் ஒன்றையும் காணமுடியாது. ஆகவே பெயின்ற் அடிக்க முதல், வெறும் உலோகமாக, ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். மிச்சக் காசு அதற்குப் பிறகுதான். நான் மயங்கிப்போன பொன்னிறக் கோட்டுக்குக் கீழேதான் அந்த இடைவெளி இருந்தது.

அளவுப் பிரச்சினையைச் சொன்னபோது அவர் கேட்டார்: "உன் அப்பாவின் சைக்கிள் என்ன அளவு?" தெரியாது. ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். மருமகன் அளவு நாடா பிடித்துச் சொன்னான், இருக்கைக் குழாய் 24 அங்குலம். ஆறடி ஆளுக்கான சைக்கிள். அப்பா என்னைவிட ஒரு அங்குலம்தான் உயரம். தங்கச்சி தொலைபேசியை வாங்கி, "அண்ணா, அப்பா எப்பவும் வாசல் கல்லில கால் வைச்சுத்தானே ஏறுவார், மறந்துபோனியளோ?" என்றாள். மறந்துதான் போனேன். அந்த நேரத்தில் அகப்பட்டதை அவர் வாங்கினார், முப்பது வருடத்துக்கு மேல் இடுப்பை ஆட்டி ஆட்டி ஓடினார். கடைசிக் காலத்தில் அவருக்கிருந்த இடுப்பு வலி எனக்கு ஞாபகம் வந்தது. அவர் சகித்துக்கொண்டதை நான் காசு கொடுத்துக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

லெஸ்டர்க்காரர் கண்ட வழி எளிது. பிரேக் ஹப்புக்குள்ளே இருப்பதால் ரிம்மின் அளவு பிரேக்குக்குத் தடையில்லை. ஆகவே 622 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, 590 ரிம் போட்டார். பழைய ஆங்கிலச் சைக்கிள்களில் 26 x 1 3/8 என்று எழுதியிருக்கும் அளவு அது. சில்லின் ஆரை 16 மில்லிமீற்றர் குறைந்தது. 37 அகல ரயர் மட்காட்டோடு போனது, சப்பாத்து இடிப்பது நின்றது. பெடல் நிலத்துக்குச் சற்றுக் கிட்ட வந்ததுதான் ஒரே குறை, வளைவில் உள்பக்கப் பெடலை உயர்த்திப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். ஹாண்டிலை என் பக்கம் வளைந்து வருவதாக மாற்றியதும் கழுத்து வலி போனது. உரித்துக் கழுவி, லக்கைத் திரும்ப ஒட்டியது 140 பவுண், பெயின்ற் 190, ரிம்மும் கம்பியும் சில்லுக் கட்டும் கூலியும் 170, ரயர் ரியூப் 60. மொத்தம் 560. உங்கள் உயரம் ஐந்தரை அடிக்குக் குறைவென்றால், தொடக்கத்திலேயே சின்னச் சில்லு கேளுங்கள். பிரேக்கை ஹப்பில் வைத்தால் இப்படி மாற்ற இடமிருக்கும், மழையிலும் பிடிக்கும். அப்பாவின் கம்பி பிரேக் மழையில் பிடிக்காது, அவர் காலைத் தேய்த்து நிற்பாட்டுவார்.

சாமான் தெரிவு பற்றிக் கொஞ்சம். நீண்ட காலம் நிற்க வேண்டுமென்றால், எல்லா இடத்திலும் கிடைக்கிற அளவுகளைத்தான் கேட்கவேண்டும். பெடல் அச்சுக் கூட்டின் மரை அங்குலத்துக்கு 24 என்பது பொதுவான ஆங்கில அளவு. நொட்டிங்ஹாம் றலி பலவற்றில் 26 மரை, அதற்குப் புதுச் சாமான் தேடி அலையவேண்டும். பழைய றலியையே வாங்கித் திருத்தலாம் என்று நினைக்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். பின் ஹப் ஸ்ரர்மி ஆர்ச்சர் என்றால் அதன் ஓட்டில் பெரும்பாலும் செய்த ஆண்டின் கடைசி இரண்டு எண் குத்தியிருக்கும், விற்பவர் சொல்லும் வயதை அதோடு ஒப்பிடுங்கள். ஹப் மாற்றியிருக்கவும்கூடும், ஆனால் கேள்வி கேட்க ஒரு தொடக்கம். பழைய சைக்கிளில் பெடலைத் தாங்கும் கிராங்கைப் பிடிக்கும் ஆப்பு ஆணியை, கிராங்குக்குக் கீழே ஒரு இரும்புக் குழாய் முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் அடிக்கவேண்டாம், உள்ளே பேரிங் குண்டு ஓடும் பாதை பழுதாகும். நூறு பவுணுக்குள் நல்ல பழசு கிடைக்கிறது. உடம்புக்கு அளவாக அகப்பட்டால் அதுவே புத்தியான வழி. புதுசு செய்விப்பது, என்னைப்போல அளவு கிடைக்காதவர்களுக்கு மட்டும்.

இருக்கைக் கம்பி சிரமமில்லாமல், கீறல் விழாமல் இறங்குகிறதா என்று வாங்கும்போது பாருங்கள். என்னுடையது அரை அங்குலத்தில் இறுகியது, உள்ளே வழித்துத் துளையைச் சரிசெய்யாமல் விட்டதன் அடையாளம். அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். ஃபிரேம் வந்த கையோடு குழாய்களுக்குள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் விசிறிவிடுங்கள், துரு உள்ளிருந்துதான் வருகிறது. ஃபிரேம் இலக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக் காப்புறுதியில் தனிப்பொருள் ஒன்றுக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று கேட்டு, குறைவென்றால் பெயர் சொல்லிச் சேர்க்கவும். காப்புறுதிக்காரர்கள் பூட்டில் 'சோல்ட் செக்கியூர்' என்ற சோதனைத் தரம் கேட்பார்கள். பூட்டுக்கு 90 பவுண் கொடுத்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

தோல் சீற் முதல் முன்னூறு மைல் வலிக்கும், விட்டுவிடவேண்டாம். மழையில் வெளியே விடும்போது மேலே ஒரு பை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெழுகு. தொய்ந்தால் முன்னாலுள்ள மரையைக் கால் சுற்றுக்கு மேல் திருகவேண்டாம்.

இப்போது நான்காவது குளிர்காலமும் போய்விட்டது. சங்கிலியை முழுவதும் மூடும் உறை போட்டிருப்பதால் உப்பு உள்ளே போவதில்லை. ஒரு சங்கிலியும் இரண்டு ரயரும் மாற்றினேன், மொத்தம் 75 பவுண். போன தையில் லெஸ்டர் போய், அவரிடம் அந்த மூலைகளைத் திரும்பக் காட்டினேன். சின்ன விளக்கை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், கீழ்க்குழாய் லக்கில் விரலை வைத்து இரண்டு தடவை தடவினார், சரி கொண்டுபோ என்றார். என் சைக்கிளின் இருக்கைக் குழாய் 19 அங்குலம். அதை மருமகனுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அவனும் என் உயரம்தான், கல்லில் கால் வைத்துத்தான் ஏறுகிறானாம்.